நாட்டுக்குப் பிறந்தநாள் எத்தனை?

(நவம்பர் 1 அன்று புதுச்சேரியில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நூலக நண்பர்களே, முன்வரிசையில் மிக்சர் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஆயா பிறந்த ஊருக்கும் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் நடுவே ஒரு ஏரிக்கரையும் கொஞ்சம் கரும்புக் கொல்லையும்தான். பொழுது சாய்வதற்குள் நடந்தே போய்த் திரும்பிவிடலாம். ஆனால் பிறந்த ஊர் தென்னார்க்காடு ஜில்லா, இங்கிலீஷ்காரன் சீமை. வாழ்க்கைப்பட்ட ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை. நம் புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. நடுவில் அவன் ஊர், சுற்றி இவன் ஊர், மறுபடி உள்ளே அவன் ஊர் என்று ஒட்டுத்துணி போலக் கிடக்கும்.

1947 ஆகஸ்ட் 15 அன்று ஆயா தாய்வீட்டில் இருந்தார். ஊரில் கொடி, பஜனை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய். வீட்டில் சர்க்கரைப் பொங்கல். சாயங்காலம் அதில் ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் புருஷன் வீட்டுக்கு வந்தார். மாமனாருக்கு மேரியில், அதாவது பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில், சேவகம். தூக்கைத் திறந்ததும் வாசனை வந்துவிட்டது. "என்ன விசேஷம்?" என்று கேட்டவர், பதில் வருவதற்குள் அவரே புரிந்துகொண்டு, "திண்ணையில வேணாம், தோட்டத்துப் பக்கம் கொண்டா" என்றாராம். சுதந்திர இந்தியாவின் முதல் நாள் இனிப்பை எங்கள் குடும்பம் கிணற்றடியில் நின்றுகொண்டு தின்றது.

நாடு பிறந்த நாளை மக்கள் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் இந்தத் தூக்கிலிருந்துதான் தொடங்க முடியும். ஏனென்றால் ஒரு நாட்டுக்கு ஒரே பிறந்தநாள் என்பது காலண்டர் அச்சடிக்கிறவர்களுக்கு வசதியான கணக்கு. ஊருக்கு ஊர் அது வேறு நாளில்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த ஆகஸ்ட் 15 என்ற தேதியே நாம் பார்த்துப் பிடித்த தேதி இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்தது 1945 ஆகஸ்ட் 15. அந்த ஞாபகத்தில் மவுண்ட்பேட்டன் குறித்த நாள் அது. நாம் பிடித்து வைத்திருந்த நாள் ஜனவரி 26. 1930-லிருந்து காங்கிரஸ்காரர்கள் அதைத்தான் சுதந்திர நாள் என்று உறுதிமொழி எடுத்துக் கொண்டாடி வந்தார்கள். சுதந்திரம் வேறு நாளில் வந்துவிட்டது. பழைய நாளை விட மனமில்லாமல்தான் 1950-இல் குடியரசுக்கு அதைக் கொடுத்தார்கள்.

செங்கோட்டையில் நேரு கொடியேற்றும் படத்தைப் பார்த்து, அது ஆகஸ்ட் 15 என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் அங்கே ஏற்றியது 16-ஆம் தேதி. நம் பக்கம், சென்னை ஜார்ஜ் கோட்டையில், 15-ஆம் தேதி விடிவதற்கு முன்பே ஏற்றிவிட்டார்கள். அந்தப் பட்டுக்கொடி இன்றைக்கும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் பாருங்கள்.

வங்காளத்துக்குப் போனால் கதை இன்னும் விநோதம். நாடு பிரிந்தது 15-ஆம் தேதி. எல்லை ஆணையத் தலைவர் ராட்கிளிஃப் போட்ட எல்லைக்கோடு வெளியானது 17-ஆம் தேதி. நடுவில் இரண்டு நாள், பல ஊர்க்காரர்களுக்குத் தாங்கள் எந்த நாடு என்றே தெரியாது. நதியா மாவட்டத்தின் பல பகுதிகளும் முர்ஷிதாபாத்தும் பாகிஸ்தானுக்கு என்று நினைத்துப் பச்சைக்கொடி ஏற்றினார்கள். குல்னாவில் இந்தியக் கொடி பறந்தது. கோடு வெளியானதும் கொடிகள் இடம் மாறின. நதியாவின் சில ஊர்களில் இன்றைக்கும் ஆகஸ்ட் 18 அன்று தனியாகக் கொடியேற்றிக் கொண்டாடுகிறார்கள். 15-ஆம் தேதி பொதுவாக, 18-ஆம் தேதி தங்களுக்காக. குல்னாவில் அந்த மூன்று நாளை யாராவது நினைவு வைத்திருந்தால் எதைச் செய்வார்கள், சொல்லுங்கள்?

பாகிஸ்தானைப் பாருங்கள். 1948 ஜூலையில் அவர்கள் வெளியிட்ட முதல் நினைவுத் தபால்தலைகளில் 15 ஆகஸ்ட் 1947 என்றுதான் அச்சாகியிருக்கிறது. ஜின்னா வானொலியில் பேசியதும் 15-ஆம் தேதியைச் சொல்லித்தான். பிறகு கொண்டாட்டம் 14-ஆம் தேதிக்கு நகர்ந்தது. தபால்தலையைத் திரும்ப வாங்க முடியுமா? அது ஒரு தேதி சொல்கிறது, தெருவில் விளக்கு வேறு தேதியில் எரிகிறது.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நாளும் இல்லை அது. காந்தி டெல்லியிலேயே இல்லை. கல்கத்தாவில் பெலியகட்டாவில் ஒரு பாழடைந்த வீட்டில் உண்ணாநோன்பிருந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். கலவரம் அடங்க வேண்டும், அதுதான் அவருக்கு அன்றைய வேலை. நம் பக்கத்தில் பெரியார் அதைத் துக்க நாள் என்றார். வெள்ளைக்காரன் கையிலிருந்து பார்ப்பன, பனியா கைக்கு மாறுகிறது என்பது அவர் கட்சி. அண்ணா அது இன்பநாள் என்று எழுதினார். ஒரே இயக்கம், ஒரே மேடை, தலைவர் ஒரு பக்கம், தளபதி ஒரு பக்கம். அதே இரவில் வானொலியில் டி.கே. பட்டம்மாள் பாரதியின் 'ஆடுவோமே' பாட்டைப் பாடினார். சுதந்திரம் வந்துவிட்டது என்று பாரதி ஆடிப் பாடியது, அது வருவதற்குப் பல வருடம் முன்பு. அவர் 1921-லேயே போய்விட்டார். பத்து வருடம் அவர் ஒளிந்து வாழ்ந்த ஊர் எது? நம் ஊர். அந்த இரவில் அந்த ஊருக்குச் சுதந்திரம் இல்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இங்கே ஆகஸ்ட் 15 என்பது ஏற்கெனவே இடமில்லாமல் நெருக்கியடித்த தேதி. மாதா விண்ணேற்புத் திருநாள் அன்றைக்குத்தான். அரவிந்தர் பிறந்தநாளும் அன்றைக்குத்தான். 1947-இல் அவருக்கு 75. அவர் எழுதிக் கொடுத்த செய்தியைத் திருச்சி வானொலி ஒலிபரப்பியது. பிரெஞ்சு மண்ணில் இருப்பவரின் வாழ்த்து, இந்திய மண்ணில் இருக்கும் வானொலியில். எங்கள் ஆயாவின் தூக்கு மாதிரியேதான், திசைதான் வேறு.

அப்புறம் ஏழு வருடம் இழுபறி. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூர் மட்டும் 1949 ஜூன் 19 அன்று ஓட்டுப் போட்டுக் கிளம்பிவிட்டது: இந்தியாவோடு சேர 7,473 பேர், வேண்டாம் என்று 114 பேர். இங்கே ஆலைத் தொழிலாளிகள் அதற்கும் முன்பிருந்தே ரத்தம் சிந்திக்கொண்டிருந்தார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் வாசலில் துப்பாக்கிச்சூடு, 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அதற்குப் பிறகுதான் சட்டமானது. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1954-இல், அதுவரை பிரெஞ்சுக்காரர்களோடு இருந்த அரசியல் தலைவர் எதுவார் குபேர் இந்தியா பக்கம் மாறினார், நெட்டப்பாக்கத்தில் விடுதலை அரசு என்று ஒன்று கிளம்பியது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த வருடம் வியட்நாமில் அடி. இங்கே பிடித்துவைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

அக்டோபர் 18, கீழூர். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

வில்லியனூர் பக்கத்தில் எல்லையோரமாக ஒரு சின்ன ஊர். அங்கே கூடியவர்கள் 178 பேர். மேடைக்கு மேடை 'மக்கள் வாக்கெடுப்பு' என்கிறோம். நானும் வகுப்பில் முப்பது வருடம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஓட்டுப் போட்டவர்கள் சட்டசபை உறுப்பினர்களும் முனிசிபல் கவுன்சிலர்களும். ஆயாவிடம் யாரும் கேட்கவில்லை, அவர் மாமனாரிடமும் கேட்கவில்லை. 170 பேர் சேரலாம் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். மூன்றே நாளில் டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 அன்று இந்தியாவின் சார்பில் கேவல் சிங் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. சட்டப்படி நாம் அப்போதும் பிரான்ஸ்தான். 1956-இல் உடன்படிக்கை கையெழுத்தானது. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதை ஒப்புக்கொள்ளாமல் வைத்திருந்தது. அல்ஜீரியாவில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு துண்டு நிலத்தை எழுதிக் கொடுத்தால் அங்கே என்ன பேச்சு வரும் என்ற பயம். அல்ஜீரியா கைவிட்டுப் போன பிறகுதான், 1962 ஆகஸ்ட் 16 அன்று, நாம் கணக்கில் இந்தியா ஆனோம். எட்டு வருடம் வீட்டுச் சாவி நம்மிடம், பத்திரம் அவனிடம்.

அதனால்தான் நமக்கு மூன்று நாள். ஆகஸ்ட் 15 நாட்டோடு. மறுநாள் 16 கீழூரில், நினைவிடத்தில் கொடியேற்றி. நவம்பர் 1 விடுதலை நாளாகக் கடற்கரையில். இதில் நவம்பர் 1-க்கு அரசு விழா என்ற மதிப்பு வந்ததே சமீபத்தில்தான். எனக்குக் கேட்டால், பிடித்தது கீழூர் விழாதான். இங்கே கடற்கரையில் அணிவகுப்பு, பந்தல், நாற்காலிக்கு வெள்ளைத் துணி. அங்கே வயல்காட்டுக் காற்று, நாலு பெஞ்சு, தியாகிகளுக்குச் சால்வை. வருடா வருடம் சால்வைகள் மிஞ்சுகின்றன. வாங்கத் தோள் குறைந்துகொண்டே வருகிறது.

கொடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். புதிதாகப் பிறந்த நாடு என்று பொருள். ஜனவரி 26 அன்று கொடி ஏற்கெனவே உச்சியில் கட்டியிருக்கும், கயிற்றை இழுத்து விரிப்பதோடு சரி. நம் பள்ளிக்கூடங்களில் இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. எந்த நாளானாலும் பூவை உள்ளே வைத்து மடித்து, சுருக்கு முடிச்சுப் போட்டு, மேலே தூக்கி, இழுத்தால் பூ கொட்ட வேண்டும். பூ கொட்டினால்தான் சுதந்திரம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு வருடம் அந்த முடிச்சு என் பொறுப்பு. ராத்திரி மழை. கயிறு ஊறி இறுகிவிட்டது. விருந்தாளி இழுக்கிறார், இழுக்கிறார், கம்பம்தான் ஆடுகிறது. 'தாயின் மணிக்கொடி' பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மூன்றாவது முறையாக முதலடிக்கே போய்விட்டார்கள். கடைசியில் உடற்கல்வி ஆசிரியர் ஸ்டூல் போட்டு ஏறிப் பிரித்தார். செவ்வந்தி இதழ்கள் நனைந்து ஒரே உருண்டையாக விருந்தாளியின் தலையில் விழுந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது. எந்தச் சுதந்திர தினமும் ஞாபகம் இல்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்கிறார்கள்.

யார் ஏற்றுவது என்பதற்கும் கதை உண்டு. 1973 வரை மாநிலங்களில் சுதந்திர தினக் கொடியை ஆளுநர்தான் ஏற்றினார். டெல்லியில் பிரதமர் ஏற்றும்போது இங்கே முதலமைச்சர் ஏற்றக் கூடாதா என்று கலைஞர் இந்திரா காந்தியிடம் கேட்டார். 1974-லிருந்து முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். கயிற்றின் நுனி யார் கையில் என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். கேட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். விழா மேடைகளில் 170 பேரைப் புகழ்கிறோம். அந்த 8 பேரை விட்டுவிடுகிறோம், அல்லது துரோகி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அவர்கள் சொன்னது தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தது. ஓட்டு என்று ஒன்று நடந்தது என்பதற்கு அந்த எட்டுதான் சாட்சி. 178-க்கு 178 என்றிருந்தால் யார் நம்புவார்கள்?

நம் ஊருக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு, அதை நாம் பேசுவதில்லை, அவ்வளவுதான். 1962-இல் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொண்டார்கள். நம் தெருவில்தான் இருக்கிறார்கள். பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 வந்தால் எங்கள் தெருச் சொல்தா, அதாவது பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், பீரோவைத் திறந்து கோட்டை எடுப்பார். நாப்தலின் வாசனை மூன்று வீட்டுக்கு அடிக்கும். மெடல்களைச் சாம்பல் போட்டுத் துலக்கியிருப்பார். பேரன் ஸ்கூட்டரில் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குக் கொண்டுபோய் விடுவான். அங்கே இரண்டு நாட்டுக் கீதமும் இசைப்பார்கள். இரண்டுக்கும் முழங்கால் வலியோடு விறைத்து நிற்பார். யாரும் அவரைக் கேள்வி கேட்டதில்லை.

ஆயா கதையை முடித்துவிடுகிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நடுவில் எல்லையில் சுங்கச் சாவடி போட்டுவிட்டார்கள். தாய்வீட்டிலிருந்து எது கொண்டுவந்தாலும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு தடவை தூக்கில் கையை விட்டே பார்த்தானாம் ஒருவன். அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. 1954 நவம்பர் 1 அன்று இந்தப் பக்கம் பொங்கல் வைத்து அந்தப் பக்கம் எடுத்துப்போனார். சாவடியில் ஆளில்லை, பெஞ்சு மட்டும் கிடந்ததாம். மாமனாருக்கு வேலை என்னாகும், பென்ஷன் என்னாகும் என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லை. கீழூருக்கு அவரைக் கூப்பிட்டிருந்தால் ஒன்பதாவது ஓட்டு விழுந்திருக்கும் என்று ஆயாவே சொல்வார். அன்று காலை அவர் யாரோடும் பேசவில்லையாம். அடுப்படிக்கு வந்து, அம்மியடியில் உட்கார்ந்து, பொங்கலுக்கு வெல்லம் நுணுக்கிக் கொடுத்தது அவர்தான்.