மூக்குக்குத் தெரியாத நாட்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

உணவு நல்லதா கெட்டதா என்று அறிய நம்பத் தகுந்தது வீட்டுப் பக்குவமா, பாக்கெட்டில் அச்சடித்த தேதியா? இதுதான் இன்றைய தலைப்பு. தேதிதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதைச் சொன்னார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதை, பால் காய்ச்சும்போது திரிகிறதா என்று பார்ப்பதைச் சொன்னார். கடைசியில் "எங்கள் பாட்டிக்கு எந்தத் தேதி தெரியும்? மூக்கு ஒன்று போதாதா?" என்று கேட்டுப் பெரிய கைதட்டலும் வாங்கினார்.

அந்தப் பாட்டியிடம் பிறகு வருகிறேன். முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். மதியம் வடித்த சோறு மிஞ்சிவிட்டது. மேடை மேலேயே மூடி வைத்திருந்தார். ராத்திரி எடுத்து முகர்ந்து பார்த்தார். ஊசவில்லை, நூல் விடவில்லை, கையில் பிசுபிசுப்பும் இல்லை. எதிரணி சொல்கிற எல்லாச் சோதனையிலும் தேறிய சோறு அது. எங்களுக்குத் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சோற்றைச் சுடவைத்து அவர் சாப்பிட்டார். இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி. விடிய விடிய நிற்கவில்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை. சோறு நாறியதா என்று அவர் கேட்கவே இல்லை. "எத்தனை மணிக்கு வடித்த சோறு?" என்றுதான் கேட்டார்.

நடுவர் அவர்களே, மருத்துவம் கேட்டது நேரத்தை. என் வாதம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு கொதிக்கிற கொதியிலும் அவை சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கி வைக்கும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. "நல்லா கொதிக்க வெச்சா சரியாயிடும்" என்று எத்தனை வீட்டில் சொல்கிறோம்! சமைத்தவர் கையிலிருந்து தொற்றும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சும் இப்படித்தான், கொதியைத் தாங்கும். இதெல்லாம் நடக்கும்போது சோறு சோறாகவே மணக்கும்.

காரணம் இதுதான். உணவை நாற வைக்கும் கிருமிகள் ஒரு கூட்டம், நம்மைப் படுக்கையில் தள்ளும் கிருமிகள் பெரும்பாலும் வேறு கூட்டம். முதல் கூட்டத்தை மூக்கு பிடித்துவிடும். இரண்டாவது கூட்டம் அதற்குத் தெரியாமலே வந்து போகும். முட்டை மிதந்தால் பழைய முட்டை, உண்மைதான். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளை வழியாக ஈரம் போய் உள்ளே காற்று சேர்கிறது. ஆனால் வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா என்ற கிருமி முட்டையை மிதக்க வைக்காது. "பிரிட்ஜுக்குள்ளதானே இருந்தது" என்பார்கள். லிஸ்டீரியா என்ற கிருமி பிரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரும். குளிரில் வாசனையும் அடங்கிக் கிடக்கும். மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் கேரளத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்தி, ஃபார்மலின் என்ற ரசாயனம் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தது. நாள்பட்ட மீனைப் புது மீன்போலக் காட்டத்தானே ஃபார்மலின் போடுகிறார்கள்? அந்த மருந்து ஏமாற்றுவது யாரை? செவுள் பார்க்கிற நம் கண்ணையும் அழுத்திப் பார்க்கிற நம் விரலையும்தான்.

சரி, இப்போது பாட்டிக்கு வருகிறேன்.

பாட்டிக்குத் தேதி தெரியாது என்றார் நண்பர். பாட்டிக்குத் தெரிந்ததெல்லாம் தேதிதான் என்கிறேன் நான். மாவு எந்தக் கிழமை அரைத்தது, வடாம் எந்த மாசத்து வெயிலில் காய்ந்தது, இந்த ஜாடி மாங்காய் போன வருஷத்துச் சித்திரையா இந்த வருஷத்துச் சித்திரையா, எல்லாம் அவர் வாயில் இருக்கும். பழைய சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தண்ணீர் ஊற்றினால் காலையில் சாப்பிட்டாக வேண்டும். மூன்றாம் நாள் பழைய சோறு என்று எந்தப் பாட்டியாவது பரிமாறியிருக்கிறாரா? நாளைக் கணக்கு வைத்த பிறகுதான் அவர் மூக்கை நம்பினார். அரைத்ததும் அவரே, காயவைத்ததும் அவரே என்பதால் அந்த நாட்கள் எல்லாம் அவர் கண் முன்னால் நடந்தன. எழுதி வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

இன்று நம் சமையலறைக்கு வரும் பாக்கெட்டை யார் அடைத்தார், எந்த ஊரில், எந்தக் கிழமை? நமக்குத் தெரியாது. நாம் பார்க்காத அந்த நாட்களுக்கு ஒரே சாட்சி அந்தத் தேதி. அதை எப்படிப் போடுகிறார்கள்? மாதிரிகளை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வைத்திருந்து, அவ்வப்போது எடுத்துக் கிருமி எண்ணிக்கை, புளிப்பு, ஈரம், சுவை எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். எந்த நாளில் தரம் சரிகிறது என்று பார்த்து, அதற்கு முன்பே ஒரு நாளைக் குறிக்கிறார்கள். பாட்டி செய்த வேலையையே இங்கே ஆய்வகம் செய்கிறது. பாட்டி எங்கள் அணி, நடுவர் அவர்களே.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் பிரிட்டனைக் காட்டினார். அங்கே மாரிசன்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் 2022 ஜனவரியில் பாலுக்குத் தேதியை எடுத்துவிட்டு, முகர்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டது என்றார். பாதிதான் சொன்னார். எடுத்தது ‘இந்த நாளுக்குள் பயன்படுத்தவும்’ என்ற குறிப்பை. ‘இந்த நாள் வரை சிறந்தது’ என்ற தேதி பாலில் அப்படியே இருந்தது. இறைச்சிக்கும் மீனுக்கும் முதல் வகைத் தேதியை அந்த நாடு கைவிடவே இல்லை.

இந்த இரண்டு தேதிக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் நம்மில் பலர் தேதியோடு சண்டை போடுகிறோம். ‘சிறந்தது’ என்பது சுவையும் மொறுமொறுப்பும் பற்றியது. அந்த நாள் தாண்டிய பிஸ்கட் நமுத்துப் போகலாம், விஷமாகாது. ‘இந்த நாளுக்குள் பயன்படுத்தவும்’ என்கிற காலாவதித் தேதி பாதுகாப்பைப் பற்றியது. அதைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகள்படி காலாவதித் தேதி கட்டாயம். அதே 2020 அக்டோபர் 1 முதல், தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கும் எந்த நாள் வரை சிறந்தது என்று கடையில் எழுதி வைக்கச் சொன்னார்கள். பால்கோவாவையும் ரசகுல்லாவையும் கண்ணாடிக்கு வெளியே நின்று முகர்ந்து பார்க்க முடியாதே! ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பாக்கெட்டில் அச்சடித்த தேதி பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான். பிரித்த அன்றே, பிரித்த தேதியை நாம் எழுதிவிட வேண்டும்.

தேதியால் உணவு வீணாகிறது என்றார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாவதாகச் சொல்கிறது. நம் வீட்டுக் குப்பைக் கூடையை நினைத்துப் பாருங்கள். அதில் கிடக்கும் குழம்புக்கும் பொரியலுக்கும் அழுகிய தக்காளிக்கும் யார் தேதி போட்டார்? என்றைக்குச் செய்தது என்று மறந்துபோய், பிரிட்ஜின் கடைசி மூலையில் கிடந்து கெட்டவை அவை. தேதி தெரிந்திருந்தால் முன்னாலேயே எடுத்துத் தின்றிருப்போம்.

அப்புறம், மூக்கு என்கிறீர்களே, யாருடைய மூக்கு? வயதாக வயதாக மோப்பம் குறையும். கொரோனா வந்து போன பிறகு காபித்தூள் வாசனையே தெரியவில்லை என்று தவித்தவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். தனியாக இருக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கு உங்கள் வழி என்ன? ஒரு கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கிறோம். நாள் கடந்தால் அதிலிருக்கும் வைட்டமின்கள் குறைந்துபோகும். மாவின் நிறம் மாறாது, வாசனை மாறாது. அந்தக் குறையைக் கண்டுபிடிக்கும் மூக்கு உலகத்தில் யாருக்கும் இல்லை.

தேதியையே மாற்றி ஒட்டுகிறார்களே என்று கேட்டீர்கள். ஒட்டுகிறார்கள்தான். ஆனால் அது பிடிபடக்கூடிய குற்றம். பாக்கெட்டில் தொகுதி எண் இருக்கிறது, பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறது. அதைக் காட்டி உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்கலாம். கடையில் போய் "வாசனை சரியில்லை" என்றால், "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்பார் கடைக்காரர். தேதியைக் காட்டினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. நம் வீடுகளில் பக்குவம் பார்ப்பது என்றால் என்ன? சந்தேகமாக இருப்பதைப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார், கணவருக்குக் கொடுக்க மாட்டார். கீழே கொட்டவும் மனசு வராது. "நான் சாப்பிட்டுக்கறேன்" என்பார். அன்று என் அம்மா செய்ததும் அதுதான். எங்களுக்குத் தோசை, அவருக்கு அந்தச் சோறு. பக்குவம் பக்குவம் என்று நாம் பெருமையாகப் பேசுவதன் கடைசிச் சோதனைக்கூடம் ஒரு பெண்ணின் வயிறு. இதை என்னால் பெருமையாக நினைக்க முடியவில்லை.

இப்போது எங்கள் வீட்டு பிரிட்ஜ் மேல் ஒரு வெள்ளை டேப்பும் ஒரு பேனாவும் இருக்கின்றன. உள்ளே வைக்கிற ஒவ்வொரு டப்பா மேலும் அம்மாவே எழுதி ஒட்டுகிறார். நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன். ‘தக்காளித் தொக்கு, வியாழன்’ என்று ஒன்று. ‘சாம்பார், சனி மதியம்’ என்று ஒன்று. மிஞ்சிய சோறு ஆறியவுடன் உள்ளே போயிருந்தது, நேரத்தோடு.

வணக்கம்.