கன்னத்துல நாவப்பழம், கையில 380 ரேண்ட் பில்லு

வணக்கம் மக்களே! வழக்கம்போல காருக்குள்ளதான். தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வர்த்துல ஆயா வீட்டு வாசல்ல நிக்கிறேன், உள்ள போகல. போனா "எவன்டா அடிச்சது"ன்னு மறுபடியும் ஆரம்பிப்பாங்க. யாரும் அடிக்கல. இந்த இடது கன்னத்தப் பாருங்க, நாவப்பழத்த நசுக்கித் தேச்ச மாதிரி இருக்கா? பரு விட்டுட்டுப் போன பள்ளத்துக்கு சப்சிஷன் பண்ணியாச்சு, அதாவது தோலுக்கு அடியில ஊசி விட்டு அறுக்குறது! ரெண்டு வருஷமா "பண்ணப்போறேன், பண்ணப்போறேன்"னு உங்க உயிர வாங்குனேன்ல, மூணு நாள் முன்னாடி முடிஞ்சுது.

லேசர் வீடியோ ஞாபகம் இருக்கா? வேற ஒரு இடத்துல ஆறு சிட்டிங் பேக்கேஜ தலையில கட்டப் பாத்தாங்க. நான் ரெண்டோட ஓடி வந்துட்டேன். பள்ளம் அப்படியே இருந்துச்சு, கறுப்புத் திட்டு மட்டும் புதுசா வந்துச்சு. நம்ம நிறத்துத் தோலு சூடு பட்டா சீக்கிரம் கறுக்கும். அத ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லல.

இந்த டாக்டரம்மா வேற மாதிரி. ரூம் லைட்ட அணைச்சிட்டு பக்கவாட்டுல டார்ச் அடிச்சாங்க. அப்புறம் ரெண்டு விரலால தோல இழுத்தாங்க. இழுத்தா பள்ளம் மறையுதுன்னா அது அலை மாதிரி இருக்குற வகை, அடியில நார் பிடிச்சு கீழ இழுத்துக்கிட்டிருக்கு. மேல எவ்வளவு லேசர் அடிச்சாலும் அந்த நார் விடாது. ஊசிய தோலுக்கு அடியில நுழைச்சு அத அறுக்கணும். 'கரக் கரக்'னு சத்தம் காதுக்குள்ளயே கேக்குது மக்களே! அறுத்த இடத்துல ரத்தம் கட்டும், அங்கதான் மெதுவா புது கொலாஜன், அதாவது தோலத் தாங்குற புரதம், வளரும். அதான் இந்த நாவப்பழம். இப்போ பள்ளம் நிரம்பின மாதிரி தெரியுதுல்ல? ஏமாறாதீங்க, அது வீக்கம். நிஜ ரிசல்ட்டுக்கு மாசக்கணக்குல ஆகும், முழுசாவும் போகாது.

சரி, பில்லுக்கு வருவோம். மரத்துப்போற க்ரீமுக்குத் தனியா 380 ரேண்ட்! பட்டாணி அளவு க்ரீம்! அதப் போட்டு முக்கால் மணி நேரம் உக்கார வெச்சாங்க, அப்புறம் மரத்துப்போக ஊசியும் போட்டாங்க. அப்போ க்ரீம் எதுக்குங்க? ஊசி குத்துற வலி தெரியாம இருக்கவாம். தைப்பூசத்துல இதே கன்னத்துல வேல் குத்திக்கிட்டு காவடி எடுத்தவன் நான். அன்னைக்கு விபூதியோட முடிஞ்சுது, பில்லு கிடையாது. 380 ரேண்டுக்கு மூணு பேர் மட்டன் 'பன்னி சௌ' (ரொட்டிய குடைஞ்சு உள்ள கறிக்குழம்பு ஊத்துறது) சாப்பிடலாம். மெடிக்கல் எய்ட் (நம்ம மருத்துவக் காப்பீடு) வேற இதெல்லாம் அழகு சமாச்சாரம்னு ஒரு சென்ட் தரல.

ஆ, ஒண்ணு விட்டுட்டேன். வலது பக்கம் ஊசி குத்துன மாதிரி குறுகலா ஆழமா நாலு துளை இருக்கு. அதுக்கு சப்சிஷன் உதவாது. கடுமையான டிசிஏ ஆசிட்ட பல்குச்சி நுனியில தொட்டு துளைக்குள்ள மட்டும் வைப்பாங்க. அது அடுத்த மாசம். ஆசிட்ட ஆன்லைன்ல வாங்கி வீட்டுல முயற்சி பண்றவங்க தயவுசெஞ்சு இந்த சேனல விட்டுப் போயிடுங்க, பாக்க எனக்கு மனசு தாங்காது.

அதுக்கப்புறம் மைக்ரோநீட்லிங், அதாவது குட்டி ஊசி வெச்ச உருளைய தோல் மேல உருட்டுறது. அந்த ஊசி உருளைய 90கள்ல கொண்டு வந்தவர்ல முக்கியமானவர் நம்ம கேப் டவுன் பிளாஸ்டிக் சர்ஜன் டெஸ் பெர்னாண்டஸ். சூடு இல்லாததால நம்ம நிறத்துக்கு லேசர விட பயம் கம்மி. ஆனா வீட்டு ரோலர் ஊசி இத்தனூண்டு, பள்ளத்தோட அடிய அது தொடவே தொடாது.

இன்னொண்ணு, முதல்லயே சொல்லியிருக்கணும். பரு வர்றது நின்ன பிறகுதான் இதெல்லாம். எனக்குப் பருவுக்குக் குடுத்த ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திர முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. கறுப்புக்கு வெளுப்பு க்ரீம் பூசலாமான்னு கேக்காதீங்க. ஹைட்ரோகுவினோன் போட்ட வெளுப்பு க்ரீம இந்த நாடு 1990லேயே தடை பண்ணிருச்சு, இன்னும் திருட்டுத்தனமா விக்கிறாங்க. டர்பன் வெயிலுக்கு சன்ஸ்க்ரீன் பூசுங்க, போதும்.

ஐயோ, ஆயா ஜன்னல தட்டுறாங்க. கையில மஞ்சள் கிண்ணம். ஆயா, வேணாம் ஆயா, கேமரா ஓடுது...