அந்தக் கழுத்தும் அந்தக் கண்ணும்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் படத்தைக் காட்ட முடியாது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் மனத்துக்குள் வரைந்துகொள்ளுங்கள். ஓர் இளம்பெண். பின்னால் கல்லறைத் தோட்டம், சிலுவைகள், வெளிறிய வானம். மேலாடை தோளிலிருந்து நழுவிக் கிடக்கிறது. அவளுக்கு அந்த நினைவே இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மேலே எதையோ பார்க்கிறாள். கண்ணில் நீர்.

பிரெஞ்சு ஓவியர் யூஜின் தெலக்ருவா 1824 வாக்கில் வரைந்த அநாதைப் பெண் இவள். கிரேக்கத்தின் சியோஸ் தீவில் நடந்த படுகொலையைப் பற்றி அவர் ஒரு பிரம்மாண்டமான ஓவியம் தீட்டிய காலத்தில், அதையொட்டிப் பிறந்த படம். இது சிறியதுதான், உயரம் சுமார் 66 சென்டிமீட்டர். இரண்டுமே இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்றுக்கொள்ள நான் இந்தப் பெண்ணைத்தான் பிடித்துக்கொண்டேன்.

பார்த்து வரைவது திருட்டாகாதா என்று சிலர் கேட்பார்கள். தெலக்ருவாவே லூவ்ருக்குப் போய், தனக்கு முந்தைய பெரும் ஓவியரான ரூபன்ஸின் ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். இன்றும் அங்கே அனுமதி வாங்கி, கான்வாஸைத் தாங்கும் ஈசல் சட்டத்துக்கு முன்னால் நின்று வரையலாம். ஒரு நிபந்தனை உண்டு: பிரதி மூலத்தின் அளவிலேயே இருக்கக் கூடாது. நான் ஓர் அச்சுப் படத்தை வைத்து வீட்டில்தான் வரைந்தேன்.

முதலில் கான்வாஸின் வெள்ளையைப் போக்க, ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பன்டைன் என்ற கரைப்பானில் கரைத்து மெல்லப் பூசினேன். காய்ந்ததும் அதன்மேல் அதே பழுப்பிலேயே நிழல்களை மட்டும் வைத்தேன். வேறு நிறமே கிடையாது. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பிறகு எத்தனை வண்ணம் போட்டாலும் முகம் நிமிராது. எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. அதனால் அடி அடுக்கில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால், அடியில் இருப்பது இறுகுவதற்குள் மேல் அடுக்கு இறுகி, பின்னால் வெடிக்கும். என் முதல் பிரதியின் நெற்றியில் அப்படி ஒரு வெடிப்பு இன்னும் இருக்கிறது.

சரி, கண்ணுக்கு வருவோம். வெண்விழி வெள்ளைதானே என்று டியூபிலிருந்த டைட்டானியம் வெள்ளையை அப்படியே வைத்தேன். முட்டை ஓட்டை ஒட்டினாற்போல முகத்திலிருந்து துருத்திக்கொண்டு நின்றது. ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை அச்சுப் படத்தின் கண்ணருகே பிடித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது: அது சாம்பல் நிறம். அந்த ஈரம் வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒரு புள்ளி மட்டும்தான் வெள்ளைக்குப் பக்கத்தில் போகிறது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். நான்கு முறை.

அப்புறமும் அவள் அழவில்லை. என் பிரதியில் சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தைத் திருத்தினேன், உதட்டைத் திருத்தினேன், மாற்றமில்லை. கடைசியில் இரண்டு படத்தையும் தலைகீழாக வைத்துப் பார்த்தேன். குறை முகத்திலேயே இல்லை, கழுத்தில்! காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை இறங்கும் தசையை அவர் கயிறு போல இழுத்து வைத்திருக்கிறார். நானோ அழகாக இருக்கட்டும் என்று அதை வழவழப்பாக்கியிருந்தேன். துக்கம் அந்தத் தசையில் இருந்தது.

கழுத்தைச் சுரண்டி எடுத்தேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் துளி பச்சையும் கலந்து நிழலை வைத்து, அகலமான பிரஷ்ஷால் ஒரே இழுப்பு இழுத்தேன். விளிம்பு கொஞ்சம் கரடுமுரடாகத்தான் வந்தது, தொடாமல் விட்டுவிட்டேன். முகத்தில் அன்று ஒரு புள்ளி கூட வைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.