ஒட்டிய துணி சொல்லும் சாட்சி

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம். கதைக்கும் கட்டுரைக்கும் படம் போடுகிறவர்களோடு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பழகி வருபவன் நான். எழுத்தைக் கொடுத்துப் படத்தை வாங்குவதும், மனத்துக்கு ஒவ்வாவிட்டால் திருப்பி அனுப்புவதும், ஒத்துவிட்டால் அது அச்சில் கெட்டுப்போகாமல் இருக்க அச்சகத்தாரோடு மல்லுக்கட்டுவதுமாகவே என் உத்தியோகக் காலம் கழிந்திருக்கிறது. அண்மையில் என் மேசைக்குப் படங்கள் கொண்டுவரத் தொடங்கியிருக்கும் ஓர் இளம் ஓவியரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், 'ஓவியர்' என்றே அவரைக் குறிப்பிடுகிறேன்.

பென்சில், நீர்வண்ணம், துணி, நூல், பழைய ரசீது, அட்டைப்பெட்டியின் கிழிசல் என்று கைக்குக் கிடைப்பதையெல்லாம் ஒரே படத்தில் சேர்ப்பவர் அவர். இதைக் கலப்பு ஊடகம் என்கிறோம். வீட்டு வேலைக்குப் போகிறவர்களின் உழைப்பு, கடன், முதியோரின் தனிமை ஆகியவையே அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொருள்கள். எடுத்துக்கொண்ட பொருள் உயர்ந்தது என்பதற்காக ஒரு படம் நல்ல படமாகிவிடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றிய கட்டுரை ஒன்றுக்கு அவரிடம் படம் கேட்டிருந்தேன். குனிந்து தரை துடைக்கும் ஒரு பெண்ணை நீர்வண்ணத்தில் அழகாக வரைந்து வந்தார். கோட்டில் குறையில்லை, வண்ணத்தில் குறையில்லை; ஆனால் அந்தப் படத்தை நான் அதற்கு முன் நூறு முறை பார்த்திருந்தேன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். முகம் வாடியது. பத்து நாள் கழித்து ஒரு தடித்த அட்டையோடு வந்தார். அதே பெண் இப்போது கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, பென்சில் கோடாக ஒரு மூலையில் குனிந்திருந்தாள். அட்டையின் மீதிப் பரப்பு முழுவதும் உண்மையான தரை துடைக்கும் துணி ஒட்டப்பட்டிருந்தது. பல மாதங்கள் துடைத்துத் துடைத்துச் சாம்பல் நிறமேறி, ஓரங்கள் நைந்து, நடுவில் மடிப்புக்குள் ஒளிந்திருந்த ஒரு பட்டை மட்டும் பழைய வெண்மையோடு இருந்தது. அந்தத் துணியைப் பயன்படுத்தியவரிடமே கேட்டு, புதுத் துணி ஒன்றைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்ததாகச் சொன்னார்.

அலுவலகத்தில் அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்: முகத்தை அருகே கொண்டுபோனார்கள், உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். துணி துவைக்கப்பட்டுத்தான் இருந்தது, நாற்றம் ஏதுமில்லை. ஆனாலும் கண் பார்த்ததை மூக்கு நம்பிவிட்டது. 'அழுக்குத் துணியையா அச்சடிக்கப் போகிறோம்?' என்று ஒரு நண்பர் கேட்டார். கட்டுரை கேட்க நினைத்த கேள்வியும் ஏறத்தாழ அதுதான்.

நான் நெடுநாளாகச் சொல்லி வருவது இதைத்தான், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன்: படத்தில் ஒட்டப்படும் பொருள் அந்தப் பிரச்சினைக்குள்ளிருந்து வந்திருக்க வேண்டும். அது சாட்சியாக நிற்க வேண்டும், ஒப்பனையாக அல்ல. எந்தத் துயரத்தைப் பற்றிய படமென்றாலும் பின்னணியில் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அந்தத் துண்டுகளை உட்கார்ந்து படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு இருக்கிறது. பசியைப் பற்றிய படத்தில் ஒருமுறை பங்குச்சந்தை நிலவரத்தையும், ஒரு குறுக்கெழுத்துப் போட்டியின் பாதியையும் படித்தேன். மேலும், செய்தித்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமல் இருப்பதால், வெளிச்சம் பட்டால் சில வாரங்களிலேயே மஞ்சளாகிவிடும். காலத்தின் கறையைக் காட்டத்தான் அப்படி ஒட்டினேன் என்றால் சரி. இல்லையென்றால் அது வெறும் பழுதுதான்.

ஒட்டுவது புதிய வித்தையல்ல. பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை 1912இல் பிக்காசோ ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். ஆனால் சமூகப் பிரச்சினைக்கு இந்த முறை எப்படி உதவும் என்பதை அறிய நான் ஹன்னா ஹோஹ் என்ற ஜெர்மானியப் பெண் ஓவியரிடம்தான் போவேன். பிழைப்புக்காகப் பதிப்பகம் ஒன்றில் பூத்தையல் மாதிரிகள் வரைந்துகொண்டிருந்தவர் அவர். பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிய பெரிய படம் ஒன்றைப் பெர்லினில் 1920இல் 'தாதா' என்ற கலகக் கலை இயக்கத்தார் நடத்திய கண்காட்சியில் வைத்தார். சமையலறைக் கத்தி அதன் தலைப்பிலேயே இருக்கிறது. தலைவர்களும் இயந்திரங்களும் கூட்டங்களும் அதில் தலைகீழாகப் பறக்கின்றன. கீழே வலப்பக்க மூலையில், பெண்களுக்கு வாக்குரிமை தந்த ஐரோப்பிய நாடுகளைக் காட்டும் சிறிய வரைபடம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதனருகில் தம் முகத்தையும் சின்னதாக ஒட்டியிருக்கிறார். ஜெர்மானியப் பெண்கள் தேசியத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1919இல்தான் என்பதை அறிந்தவர்களுக்கு, அத்தனை ஆரவாரத்தையும் அந்த மூலை அடக்கிவிடும்.

சிலி நாட்டில் 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் சாக்குத்துணியின்மேல் துணித்துண்டுகளைத் தைத்துப் படமாக்கினார்கள். காணாமல் போன மகனின் சட்டைத் துணியே சிலவற்றில் இடம்பெற்றது. அவர்களை ஓவியர்கள் என்று அன்று எவரும் அழைக்கவில்லை. அந்தச் சட்டைக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய துணியைத் தைத்திருந்தால் படம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்திருக்கும்; ஆனால் காணாமல் போனவனுக்காகப் பேச அதில் எதுவும் இருந்திருக்காது. நான் சாட்சி என்று சொன்னது இதைத்தான்.

நம் ஓவியரிடம் திரும்புகிறேன். துணிப்படத்தை அச்சுக்கு அனுப்பியபோது இரண்டு தொல்லைகள் நேர்ந்தன. ஈரப்பசை காய்ந்து துணி சுருங்கியதில், அட்டை முன்பக்கமாக அப்பளம்போல் வளைந்துவிட்டது. பின்பக்கத்திலும் அதேபோல் ஒரு தாளை ஒட்டிக் காயவைத்தால் இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்யும் என்பதை அவர் அட்டையைப் பாழாக்கித்தான் கற்றார். அடுத்தது ஸ்கேனர். அது நேர் வெளிச்சத்தில் எடுத்ததால் நூலின் நிழல் அழிந்து, துணி வெறும் சாம்பல் வண்ணப் பூச்சாகிவிட்டது. பிறகு பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்துப் புகைப்படம் எடுத்தோம். நைந்த ஓரத்தின் ஒவ்வோர் இழையும் தன் நிழலோடு எழுந்து நின்றது.

நிலையத்தார் கையசைக்கிறார்கள். பிறருடைய பொருளை எடுத்து ஒட்டும்போது எழும் அனுமதிக் கேள்வியை விரிவாகப் பேச எண்ணி இரண்டு பக்கம் குறிப்பு வைத்திருந்தேன். அவற்றை மடித்துவிட்டு ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடனைப் பற்றிய படத்துக்காக ஒரு மூதாட்டி தம் அடகு ரசீதுகளை ஓவியரிடம் கொடுத்திருந்தார். 'ஒட்டிக்கொள், பெயர் மட்டும் தெரிய வேண்டாம்' என்பது அவர் நிபந்தனை. ஓவியர் அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகலை ஒட்டினார். பெயர் இருந்த வரியின்மேல் மெல்லிய வெண்தாளை வைத்து நான்கு பக்கமும் தைத்தார். அந்தத் தையலை அச்சில் எப்படிக் கொண்டுவருவது என்று இந்த வாரம் முழுவதும் விளக்கை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வணக்கம்.