முதல் நாள் மூன்று பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

1964 ஆகஸ்ட் மாதம். பிரான்சில் துரோலி-புரேய் என்ற சிற்றூரில் பழைய கல்வீடு ஒன்று. வீட்டுக்குள் கழிப்பறைகூடக் கிடையாது. அங்கே மூன்று ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். மூவரும் அறிவுசார் குறைபாடு உடையவர்கள். அதுவரை பெரிய காப்பகத்தில் அடைபட்டுக் கிடந்தவர்கள். அவர்களோடு குடியிருக்க முன்வந்தவர் ழான் வனியே, கடற்படை வேலையை விட்டுவிட்டுத் தத்துவம் படித்தவர். அறிவுசார் குறைபாடு உடையவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் 'லார்ஷ்' என்ற அமைப்பு அங்கேதான் தொடங்கியது.

மூவரில் ஒருவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. புது இடத்தில் மிரண்டு தவித்துப்போன அவரை உடனே காப்பகத்துக்கே திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. லார்ஷின் வரலாற்றைச் சொல்பவர்கள் தங்கிவிட்ட ரஃபாயேல், ஃபிலிப் இருவரோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். எனக்கோ திரும்பிப் போனவரின் நினைப்புதான் முதலில் வருகிறது. அவரைத் தாங்கிக்கொள்ள அந்த வீட்டில் ஆளும் இல்லை, அனுபவமும் இல்லை.

லார்ஷ் என்றால் பேழை, வேதாகமத்தில் வரும் நோவாவின் பேழை. கத்தோலிக்க வேரில் முளைத்தது அது. 1969இல் கனடாவிலும், 1970இல் பெங்களூரில் 'ஆஷா நிகேதன்' என்ற பெயரிலும் வீடுகள் பிறந்தன. பெங்களூர் வீட்டில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த வீடுகள் இருக்கின்றன. பராமரிப்பவர், பராமரிக்கப்படுபவர் என்று தனித்தனிப் பந்தி கிடையாது. சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் சேர்ந்தே நடக்கும்.

இனிச் சொல்லப்போவது வலிக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். வனியே 2019இல் மறைந்தார். மறு ஆண்டே, லார்ஷ் தானே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவு வெளியானது. ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியிருந்தார். 2023இல் வந்த விரிவான ஆய்வு, குறைந்தது 25 பெண்கள் என்றது. அவர் குருவாக ஏற்றிருந்த தோமா ஃபிலிப் என்ற பாதிரியாரை இதேபோன்ற குற்றத்துக்காக 1956இலேயே திருச்சபை தண்டித்திருந்தது. அது தெரிந்தும் வனியே மறைத்தார். பாதிக்கப்பட்டவர்களில் அறிவுசார் குறைபாடு உடையவர் எவரும் இருந்ததாக ஆய்வில் தெரியவரவில்லை. அதைச் சொல்லி அந்தப் பெண்களின் துயரத்தைக் குறைத்துவிட முடியாது.

நிறுவனர் படத்தைக் கழற்றிவிட்டால் சுவரில் யார் படத்தை மாட்டுவது என்று பலர் கவலைப்பட்டார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. பேசும் திறமும் எழுதும் திறமும் அவரிடம் இருந்ததால் வரலாறு அவர் பெயரில் நின்றது. வீட்டை வீடாக்கியவர்களோ தினமும் அங்கே எழுந்து, பல் துலக்கி, கோபித்து, சிரித்து வாழ்ந்தவர்கள்.

இந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இரவு உணவு முடிந்ததும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கைமாற்றிக்கொண்டே வருவார்கள். அது யார் கையில் இருக்கிறதோ, அவர் ஜெபிக்கலாம், பேசலாம், சும்மாவும் இருக்கலாம். பேச்சு வராதவர் கையில் அது சற்று நேரம் கூடுதலாகவே நின்றாலும் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

வணக்கம்.