கொல்லி ஈஸ்ட் தரும் குறியெண்

நேயர்களே, வணக்கம். மருத்துவமனையின் ஒரே வார்டில் நான்கு பேருக்குக் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் தொற்று என்று வைத்துக்கொள்வோம். நுண்ணோக்கியில் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா, அவரவர் உடலில் முன்பே இருந்தது தலைதூக்கியதா? இதற்கு இனத்தின் பெயர் போதாது, உள்வகை தெரியவேண்டும்.

1983இல் இத்தாலியில் பொலோனெல்லி, மொராசே குழுவினர் இந்த வேலைக்குக் கொல்லி ஈஸ்ட்களைப் பயன்படுத்தினார்கள். கொல்லி ஈஸ்ட் என்பது நச்சுப் புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்து ஈஸ்டைக் கொல்வது. தன் நச்சு தன்னைத் தாக்காது. 1963இல் பெவனும் மேக்கோவரும் இதைக் கண்டறிந்தனர். ரொட்டி ஈஸ்டில் இந்தக் குணம் செல்லுக்குள் குடியிருக்கும் ஆர்என்ஏ வைரஸிலிருந்து வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். நச்சு முதலில் எதிரியின் செல்சுவரில் ஒட்டவேண்டும். சுவரின் அமைப்பு சற்று மாறினாலும் எதிரி தப்பிவிடலாம். யார் சாகிறார், யார் பிழைக்கிறார் என்பதே அடையாளமாகிவிடுகிறது.

சோதனைத் தட்டைப் பார்ப்போம். பிஎச் 4.5 அளவில் அமிலத்தன்மையுள்ள அகார் என்னும் வளர்ப்புக் கூழில் மெத்திலீன் நீலச் சாயம் கலந்து, ஆராயவேண்டிய நுண்ணுயிரைப் பரப்புகிறார்கள். அதன்மேல் கொல்லி ஈஸ்ட்களைப் புள்ளி புள்ளியாக வைத்து, 25 டிகிரி செல்சியஸில் சில நாள் வளர்க்கிறார்கள். நச்சு பலித்த புள்ளியைச் சுற்றி வெற்று வளையம் விழும். அதன் ஓரம் கருநீலமாக இருக்கும்; செத்த செல்களுக்குச் சாயத்தை வெளுக்கும் திறன் இல்லை.

மொத்தம் 9 கொல்லிகள். ஒவ்வொன்றும் கொல்லும் அல்லது கொல்லாது என்பதால், அவற்றை மும்மூன்றாகப் பிரித்தால், ஒவ்வொரு மூன்றுக்கும் 8 விதமான விடைகள் வரலாம். விடைக்கு ஓர் இலக்கம் கொடுத்தால் மூன்றிலக்கக் குறியெண் கிடைத்துவிடுகிறது. ஆக, 512 குறியெண்களுக்கு இடமுண்டு.

இதே உத்தியைப் பின்னர் பூசணங்களிலும் பாக்டீரியாக்களிலும் பயன்படுத்தினர். பாக்டீரியாவின் சுவர் வேறு பொருளால் ஆனது. அங்கே வளர்ச்சியைத் தடுப்பது அதே நச்சுதானா என்று கேட்பது நியாயமே. வகைப்படுத்த மட்டும் என்றால், வளையம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழுந்தால் போதும்.

சிக்கலும் அங்கேதான். இந்த நச்சுகளில் பல, வெப்பம் கூடினாலோ அமிலத்தன்மை குறைந்தாலோ செயலிழந்துவிடும். டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் இன்றைய முறைகளின் துல்லியம் இதற்குக் கிடையாது. ஆனால் விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. குறியெண் தெரிந்த உள்வகை ஒன்றை ஒவ்வொரு முறையும் கூடவே சோதித்துவர வேண்டும். அதன் எண் மாறிவிட்டால், அன்றைய தட்டுகள் அத்தனையும் குப்பைக்குத்தான்.

நன்றி, வணக்கம்.