முதல் ஒரு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் வேம்பூர் இனச் செம்மறி ஆடு வளர்க்கிறேன். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு இருப்பதால் பொட்டு ஆடு என்றும் சொல்வோம். மழைக்காலத்தில் குட்டி போடும் ஆடுகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. நஞ்சுக்கொடி விழும்வரை குட்டியைப் பால் குடிக்க விடமாட்டார்கள். சீம்பால் கெட்டியாக, மஞ்சளாக இருக்கும். குட்டிக்குக் கழியும் என்று அதைத் தரையில் பீய்ச்சிவிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன். ஒரு கார்த்திகையில் ஒரே வாரத்தில் நான்கு குட்டிகள் செத்தன. மழைதான் காரணம் என்று நினைத்தேன். நான் கீழே ஊற்றிய பால்தான் காரணம் என்று பிறகுதான் புரிந்தது.

வயிற்றில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போய்ச் சேருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கிறது. அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்குப் பிறந்த சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். ஒரு நாளில் அடைபட்டுவிடும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். 3 கிலோ குட்டிக்கு முதல் நாளில் சுமார் 300 மில்லி, பல தடவையாக. காம்பில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும். ஒரு பீய்ச்சு பீய்ச்சிவிட்டால் போதும், குட்டி பிடித்துக்கொள்ளும்.

தாயை நக்க விடுங்கள். நக்க நக்கத்தான் குட்டி காயும், தாய்க்கும் அதன் வாசனை பிடிபடும். தலைச்சன் ஆடு சில சமயம் முட்டித் தள்ளும். அப்போது இரண்டையும் சின்ன மறைப்பில் இரண்டு நாள் தனியாக அடைத்து வையுங்கள். தொப்புள் கொடியை டிங்சர் அயோடினில் முக்கிவிடுங்கள்.

குட்டி வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், தலை தூக்க முடியாமல் கிடந்தால், அவசரப்பட்டுப் பாலை ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். சாக்கால் துடைத்து, காற்று படாத இடத்தில் சூடு காட்டுங்கள். தலை நிமிர்ந்த அப்புறம் ஊட்டுங்கள். தாய்க்குப் பால் இல்லையென்றால் அன்றைக்கு ஈன்ற வேறொரு ஆட்டின் சீம்பால் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. சினைக்காலம் ஐந்து மாதம். வயிற்றில் குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி ஒன்றரை மாதத்தில்தான். மேய்ச்சலை மட்டும் நம்பாமல் அப்போது நாளுக்கு 200 கிராம் அடர்தீவனம் சேர்த்துக் கொடுங்கள். துள்ளுமாரி என்கிற குடல் நோய்க்கான தடுப்பூசியை ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிட்டால், அந்தக் காப்பும் சீம்பால் வழியாகவே குட்டிக்கு வரும்.

ஈனும்போது குட்டியின் முன்னங்கால் இரண்டும் அதன்மேல் மூக்கும் தெரிந்தால் பயமில்லை, ஆட்டின் போக்கில் விடுங்கள். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் வரவில்லையென்றால் கையை விட்டு இழுக்காதீர்கள். கால்நடை அவசர மருத்துவ உதவி எண் 1962க்கு உடனே போன் போடுங்கள். கட்டணம் கிடையாது.